பத்து நாள் விபாசனா முகாம்: போவதற்கு முன் தெரிய வேண்டியவை

விபாசனா என்ற தியானத்தைச் சொல்லிக்கொடுக்கும் பத்து நாள் முகாமுக்குக் கட்டணம் கிடையாது. தங்கும் அறை, சாப்பாடு, பயிற்சி எல்லாமே ஏற்கெனவே முகாம் முடித்துப் போனவர்கள் கொடுத்த நன்கொடையில் நடக்கின்றன. முதல்முறை வருபவர் பத்து நாளையும் முடிக்கும் வரை, அவரே கொடுக்க முன்வந்தாலும் வாங்க மாட்டார்கள். ஆனாலும் இதற்கு ஒரு விலை உண்டு. சேரும் நாளையும் கிளம்பும் நாளையும் சேர்த்தால் 12 நாள் விடுப்பு. அதில் பெரும்பாலான நாட்களில் போன் கிடையாது, பேச்சு கிடையாது, படிக்க ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. வேலைக்குப் போகிறவருக்கும் வீட்டில் சின்னக் குழந்தை உள்ளவருக்கும் இது பெரிய விலை. கொடுக்கிற விலைக்கு இந்த முகாம் தகும் என்பதுதான் இந்த மதிப்பீட்டின் முடிவு. ஆனால் எல்லாருக்கும் தகாது, எல்லாக் காரணத்துக்கும் தகாது.

கோயங்கா மரபு என்று சொல்லப்படும் முகாமைப் பற்றித்தான் இங்கே பேச்சு. சத்திய நாராயண கோயங்கா 1924இல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்தவர், வியாபாரக் குடும்பம். தீராத ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடிப் போனபோது, 1955இல் ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். ஊ பா கின் துறவி இல்லை. சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர், குடும்பஸ்தர். 14 ஆண்டு அவரிடம் பயின்ற கோயங்கா 1969இல் இந்தியா வந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார், 2013இல் காலமானார். ஒரு கணக்கு அதிகாரியும் ஒரு வியாபாரியும் வளர்த்த வழி என்பதை முகாமின் அமைப்பிலேயே பார்க்கலாம். காவி இல்லை, காலில் விழுவது இல்லை, விபூதிப் பொட்டலம் இல்லை. இருப்பது மணி அடித்தால் நகரும் ஒரு கால அட்டவணை.

சென்னைக்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது திருமுடிவாக்கம் அருகே உள்ள தம்ம சேது. மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் இருக்கும் தம்ம கிரிதான் தலைமை மையம். இலங்கையில் கண்டிப் பக்கம் ஒரு மையம் இருக்கிறது. எங்கே போனாலும் அதே அட்டவணை, பயிற்சி சொல்லும் கோயங்காவின் அதே பதிவு செய்யப்பட்ட குரல், அதே ஒழுங்கு. எனவே ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது மொழி, வெயில், குளிர், போகும் தூரம், இவ்வளவுதான். தமிழில் கேட்க வேண்டும் என்றால் விண்ணப்பத்தில் அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். ஆங்கிலம் ஓரளவு புரியும் என்று விட்டுவிடுபவர்கள், மூன்றாம் நாளுக்கு மேல் மாலை உரையின் நுட்பமான இடங்களில் தடுமாறுகிறார்கள்.

விண்ணப்பம் இணையத்தில்தான். அதில் உடல்நலம், மனநலம், சாப்பிடும் மருந்துகள், இதற்கு முன் செய்த தியான முறைகள் எல்லாம் கேட்பார்கள். இந்தப் பகுதியைப் பலர் அலட்சியமாக நிரப்புகிறார்கள், சிலர் மறைக்கிறார்கள். இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம். மறைத்துவிட்டுப் போவது ஆபத்து. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அட்டவணை இப்படி. காலை 4 மணிக்கு மணி. 4:30 முதல் 6:30 வரை தியானம். பிறகு காலை உணவு. 8 முதல் 9 வரை கூட்டுத் தியானம், 9 முதல் 11 வரை மறுபடி தியானம். 11 மணிக்கு மதிய உணவு. 12 முதல் 1 வரை ஓய்வு, ஆசிரியரைப் பார்த்துச் சந்தேகம் கேட்க விரும்புபவர்கள் அந்த நேரத்தில் பார்க்கலாம். 1 முதல் 2:30, 2:30 முதல் 3:30, 3:30 முதல் 5 என்று மூன்று அமர்வு. 5 மணிக்குத் தேநீரோ பாலோ, கொஞ்சம் பொரி அல்லது பழம். 6 முதல் 7 வரை கூட்டுத் தியானம், 7 மணிக்கு ஒன்றேகால் மணி நேர உரை, 8:15 முதல் 9 வரை கடைசி அமர்வு. 9:30க்கு விளக்கணைப்பு. கூட்டிப் பார்த்தால் நாளுக்குப் பத்தே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கூடத்தில்தான் உட்கார்ந்து செய்ய வேண்டும் என்பதில்லை. காலை 8, மதியம் 2:30, மாலை 6, இந்த மூன்று கூட்டுத் தியானங்கள் கட்டாயம். மற்ற நேரங்களில் ஆசிரியர் சொல்வதைப் பொறுத்து அறையிலும் செய்யலாம். சரிவு தொடங்குவது பெரும்பாலும் அந்த அறையில்தான். சாப்பிட்ட களைப்போடு 1 மணிக்கு அறைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்தால், ஐந்து நிமிடத்தில் தலையணை வந்துவிடும். அப்படி மூன்று நாள் தூங்கிக் கழித்தவருக்கு நான்காம் நாள் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி எட்டாமலே போகும். முதல் நான்கு நாளாவது எல்லா அமர்வுக்கும் கூடத்துக்கே போவது நல்லது.

முதல் மூன்றரை நாள் ஒரே வேலை: ஆனாபானம், அதாவது மூச்சைக் கவனிப்பது. பிராணாயாமம் தெரிந்தவர்கள் இங்கே முதலில் தடுக்கி விழுவார்கள். மூச்சை இழுக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது, எண்ணக் கூடாது, மந்திரம் சேர்க்கக் கூடாது. தானாக வருவதை, தானாகப் போவதை அறிந்தால் போதும். முதல் நாள் மூக்குத் துவாரத்தில் மூச்சு வருவதும் போவதும். அடுத்து, அது எந்தத் துவாரத்தில் படுகிறது, எங்கே தொடுகிறது. மூன்றாம் நாள் வாக்கில், மூக்குக்குக் கீழே மேலுதட்டுக்கு மேலே மீசை அரும்பும் அந்தச் சின்ன இடத்தில் என்ன நடக்கிறது என்பது மட்டும். அரிப்பு, குளிர்ச்சி, சூடு, துடிப்பு, ஊர்வது போன்ற உணர்ச்சி, எதுவானாலும் சரி. பரப்பைக் குறைக்கக் குறைக்கக் கவனம் கூர்மையாகும் என்பதுதான் இதன் சூத்திரம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய இடத்தில், சாதாரண நாளில் கண்டுகொள்ளவே மாட்டாத நூறு சங்கதிகள் நடந்துகொண்டிருப்பது அப்போதுதான் தெரியவரும்.

அதே நேரத்தில் இன்னொன்றும் தெரியவரும்: மனசு இருக்கிற இடத்தில் இருப்பதே இல்லை. பத்து மூச்சுகூடத் தொடர்ந்து கவனிக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரரோடு நடந்த பழைய சண்டை, வாங்காமல் விட்ட மனை, அடுத்த பதவி உயர்வு, பிள்ளையின் கல்யாணம் என்று ஓடும். போனதை மீண்டும் மென்றுகொண்டிருக்கும், அல்லது வராததைத் திட்டமிட்டுக்கொண்டிருக்கும். பேச ஆள் இல்லை, பார்க்கத் திரை இல்லை என்பதால் இந்த ஓட்டத்தை மறைக்க வழியே இருக்காது. இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் ஓடிப்போகத் தோன்றும் என்று உரையிலேயே எச்சரிக்கிறார்கள். அனுபவத்தில் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. இரண்டாம் நாள் விரட்டுவது சலிப்பு, ஆறாம் நாள் விரட்டுவது வலி.

நான்காம் நாள் பிற்பகல் விபாசனா தொடங்கும். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை, உடம்பின் ஒவ்வொரு பகுதியிலும் என்ன உணர்ச்சி இருக்கிறது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பிடித்த உணர்ச்சி வந்தால் ஒட்டிக்கொள்ளக் கூடாது, பிடிக்காதது வந்தால் தள்ளக் கூடாது. உணர்ச்சியே தெரியாத இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு நகர வேண்டும்.

தமிழர்களுக்கு இங்கே ஒரு சொல் குழப்பம் காத்திருக்கிறது. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் ‘வேதனா’ என்றால் எந்த உணர்ச்சியும்தான். சுகமும் வேதனாதான், துக்கமும் வேதனாதான், இரண்டும் இல்லாததும் வேதனாதான். தமிழில் வேதனை என்றால் நோவு மட்டுமே. இதனால் வலியைத்தான் தேட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, சுகமான உணர்ச்சியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இதற்கு நம்மிடமே துல்லியமான சொல் இருக்கிறது. துக்கம் ஒன்றிலிருந்து ஒன்றாக எப்படிப் பிறக்கிறது என்று காட்டும் பன்னிரண்டு சார்புகளை மணிமேகலை வரிசையாகச் சொல்லும் இடத்தில் வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று அடுக்குகிறது. வாயில் என்பது புலன், ஊறு என்பது அதில் ஒன்று வந்து படுவது, நுகர்வுதான் பாலியின் வேதனா. நுகர்வை அடுத்து வேட்கை, வேட்கையை அடுத்துப் பற்று. பத்து நாளும் செய்யும் வேலை முழுக்க நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டாக்குவதுதான். முழங்கால் நோகிறது, அது நுகர்வு. ‘ஐயோ, இது உடனே போகணும்’ என்பது அதற்கு அடுத்தது. இரண்டும் வேறு வேறு என்று உட்கார்ந்த இடத்தில் கண்டுகொண்டவருக்கு, அலுவலகத்தில் மேலதிகாரி கத்தும்போது நெஞ்சில் சூடு ஏறுவதும் பதிலுக்கு வாய் திறப்பதும் வேறு வேறு என்று தெரியத் தொடங்கும். இந்த முகாமின் உண்மையான பலன் அதுதான், அதற்காகவே போகலாம்.

அடுத்து வலி. விபாசனா தொடங்கிய பிறகு அதிட்டானம் என்ற விதி வரும். மூன்று கூட்டுத் தியானங்களிலும் அந்த ஒரு மணி நேரம் கண் திறக்காமல், கை கால் மாற்றாமல் உட்கார முயல வேண்டும். அதிட்டானம் என்றால் உறுதி. உடம்பைத் தண்டிப்பது நோக்கம் இல்லை. கால் மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் மெத்தையின் விளிம்பு தொடைக்கு அடியில் நரம்பை அழுத்துவது. இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருந்தால் இது குறையும். சப்பணம் போட்டதும் முழங்கால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால், உட்காரும் மெத்தை போதாது என்று பொருள். இன்னொரு மெத்தையை அடியில் வைத்து, முழங்காலுக்குக் கீழே மடித்த துண்டு ஒன்றைச் செருகினால் சரியாகும். ஆளுக்கு ஏழெட்டு மெத்தை சேர்த்துக் கோட்டை கட்டுவதும் வேண்டாம். ஆட்டம் கொடுத்தால் முதுகு தன்னை நிலைநிறுத்தவே உழைத்துக்கொண்டிருக்கும். அமர்வு முடிந்ததும் சட்டென்று எழக் கூடாது. மரத்த காலில் எழுந்து கணுக்காலைப் பிசகிக்கொள்வது நடக்கிற விஷயம். காலை நீட்டி, ரத்தம் ஓடி, விரல் அசையும் வரை காத்திருக்க வேண்டும். மூட்டுத் தேய்மானமோ முதுகுத் தண்டுத் தொந்தரவோ இருப்பவர்கள் முதல் நாளே நாற்காலி கேட்டுவிடலாம். நாற்காலியில் உட்காருவதால் பயிற்சி ஒன்றும் குறைந்துவிடாது. வலியிலும் இரண்டு வகை உண்டு. எழுந்து நடந்த சில நிமிடங்களில் மறைவது உட்கார்ந்ததன் வலி, அதைக் கவனித்துப் பார்க்கலாம். நடந்த பிறகும் குத்திக்கொண்டே இருந்தால் அது காயத்தின் வலி. அதைப் பொறுத்துக்கொள்வதில் புண்ணியம் இல்லை, ஆசிரியரிடம் சொல்ல வேண்டும்.

முகாமை மிகவும் கெடுப்பது ஆசை. வெளியிலிருந்து கொண்டுவருகிற சாதிக்கும் ஆசை. தேர்வில் ரேங்க் வாங்கியவர்கள், தொழிலில் ஜெயித்தவர்கள் இதில் அதிகம் சிக்குகிறார்கள். உழைத்தால் கிடைக்கும் என்பது அவர்களுக்கு வாழ்க்கை கற்றுக்கொடுத்த பாடம். ஆறாம் ஏழாம் நாளில் சிலருக்கு உடம்பு முழுக்க மெல்லிய அதிர்வு ஓடுவது போன்ற சுகமான உணர்ச்சி வரும். மறுநாள் அது வராது. வரவில்லையே என்று அதைத் தேடி உட்காரும் நிமிடத்திலேயே பயிற்சி தலைகீழாகிவிட்டது. எந்த வேட்கையைப் பார்க்க வந்தாரோ, அதையே உட்கார்ந்து வளர்த்துக்கொண்டிருக்கிறார். அதிட்டானத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்து காட்டுவதும் இதே ரகம்தான். மௌனம் எதற்கு என்பதும் இங்கே விளங்கும். பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட வழியில்லாமல் செய்வதே அதன் முக்கிய வேலை. ‘உனக்கு என்ன தெரிஞ்சது?’ என்று ஒரு கேள்வி போதும், பத்து பேரின் பத்து நாளும் போட்டியாகிவிடும். தவறிப்போய்க் கண்ணசைவில்கூடப் பேச வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். சாதிக்கும் ஆசையையே குறை சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு மணி நேரம் முன்பே எழுந்து வேலையை முடிக்கும் அந்த ஒழுங்கு இங்கேயும் உதவும். அட்டவணையைக் காப்பதில் அதைச் செலவிடலாம். அமர்வுக்குள் என்ன வருகிறது என்பதில் மட்டும் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

நம்பிக்கை விஷயத்தில் போகிறவர்கள் முன்பே தெளிவாக இருக்க வேண்டும். இது மதமாற்றம் இல்லை, எல்லா மதத்தவரும் வருகிறார்கள். ஆனால் பத்து நாளும் பூஜை, ஜபம், தொழுகை, ஜெபமாலை, விரதம் எதுவும் கூடாது. தாயத்து, ருத்திராட்சம், படம் போன்றவற்றை வீட்டிலேயே விட்டுவரச் சொல்வார்கள். தொடக்கத்தில் புத்தம், தம்மம், சங்கம் மூன்றிலும் சரணம் சொல்லி, ஐந்து சீலங்களை ஏற்க வேண்டும்: கொல்லாமை, திருடாமை, உடலுறவு தவிர்த்தல், பொய் சொல்லாமை, போதை விலக்கல். சரணம் என்பது ஒரு ஆளிடம் இல்லை, ஞானம் என்ற குணத்திடம் என்று விளக்கம் தருகிறார்கள். அந்த விளக்கம் பலருக்குப் போதும். ஐந்து வேளை தொழுகையை விட முடியாதவருக்கும், வேறொரு பெயரில் சரணம் சொல்ல மனம் ஒப்பாத கிறிஸ்தவருக்கும் போதாது. அவர்கள் மனசாட்சியை அடக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. மறுபிறவி போன்ற கருத்துகள் உரையில் வரும். ஏற்க முடியாதவர்களுக்குக் கோயங்கா ஒரு பாயசக் கதை சொல்கிறார். பாயசத்தில் கிடக்கும் ஏலக்காயைக் கறுப்புக் கல் என்று நினைத்துக் குழந்தை சாப்பிட மறுக்கிறது. அதை எடுத்துவிட்டுச் சாப்பிடு என்கிறாள் தாய். பயிற்சியைச் செய், ஒப்பாத கருத்தை ஒதுக்கி வை என்று அர்த்தம். நேர்மையான ஏற்பாடு அது.

சாப்பாடு சைவம், எளிமை, போதுமானது. இரவுச் சாப்பாடு இல்லை. இரண்டாம் முறை வருபவர்களுக்கு மதியத்துக்குப் பிறகு எலுமிச்சைச் சாறு மட்டும். பசியைவிட மலச்சிக்கல்தான் அதிகம் படுத்தும். அசையாமல் உட்காருவதும் தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் காரணம். இடைவேளைகளில் நடக்க வேண்டும், மதியம் தட்டில் பாதி காய்கறியாக இருக்க வேண்டும். நாளுக்கு நாலு டம்ளர் ஃபில்டர் காபி குடிப்பவர்கள் ஒரு வாரம் முன்பிருந்தே குறைத்துக்கொண்டு வர வேண்டும். திடீரென்று நிறுத்தினால் முதல் மூன்று நாள் மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும், பழியோ தியானத்தின் மேல் போகும். எடுத்துப்போக வேண்டியவை: தளர்வான பருத்தி உடை ஐந்தாறு செட், அதிகாலைக்கு ஒரு சால்வை, கொசு விரட்டி, டார்ச், குடை, சத்தம் போடாத செருப்பு, துவைக்கிற சோப்பு, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து 12 நாளுக்கும் மூன்று நாள் கூடுதலாகவும். வாசனைத் திரவியம் வேண்டாம். கணவன் மனைவி சேர்ந்து போனாலும் ஆண் பெண் பகுதிகள் தனித்தனி, பத்தாம் நாள் வரை பார்த்துப் பேச முடியாது. வீட்டில் உள்ளவர்களிடம் மையத்தின் அலுவலக எண்ணைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவசரம் என்றால் தகவல் வந்து சேரும்.

குறைகளும் உண்டு. எல்லாப் போதனையும் முன்பே பதிவு செய்யப்பட்டவை. கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் துணை ஆசிரியர், அவரோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். பயிற்சி பற்றிய கேள்விக்கு ‘கவனித்துக்கொண்டே இருங்கள்’ என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பொதுவாக அது சரியான பதில். ஆனால் கேட்டவர் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருந்தால், அந்தப் பதில் போதாது. பத்து நாள் மௌனமும் தூக்கக் குறைவும் சேர்ந்து சிலருக்குப் பீதியை, பழைய அதிர்ச்சி நினைவுகளை, அரிதாக மனநோயையே கிளப்பிவிடலாம். கடுமையான மன அழுத்தம், இருதுருவக் கோளாறு, மனச்சிதைவு இருந்தவர்களும், அண்மையில் நெருங்கிய உறவைப் பறிகொடுத்து இன்னும் தள்ளாடிக்கொண்டிருப்பவர்களும் மனநல மருத்துவரிடம் கேட்காமல் போகக் கூடாது. முகாமுக்காக மாத்திரையை நிறுத்துவது மிகப் பெரிய தவறு. விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது என்று மேலே சொன்னது இதற்குத்தான். முகாம் என்பது சிகிச்சை இல்லை, சிகிச்சை தரும் ஏற்பாடும் அங்கே இல்லை. தூக்கமே வராமல் இரண்டு இரவு கழிந்தாலோ, நடப்பது நிஜமா என்ற சந்தேகம் தட்டினாலோ, உடனே சொல்லிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். பாதியில் கிளம்புவதை அங்கே ஊக்கப்படுத்த மாட்டார்கள். அந்த நேரத்தில் மட்டும் அதைப் பொருட்படுத்தக் கூடாது.

பத்தாம் நாள் காலை, எல்லாரும் நலமாக இருக்கட்டும் என்று நினைக்கும் மைத்ரி தியானத்துக்குப் பிறகு மௌனம் முடியும். அன்று முழுக்கச் சந்தைக்கடைதான், பேச்சு நிற்காது. நன்கொடை மேசை போடுவதும் அன்றுதான். இவ்வளவு என்று கேட்பதில்லை, கொடுக்காமல் போனாலும் யாரும் பார்ப்பதில்லை. தன்னால் முடிந்ததைக் கொடுப்பது சரி, நெகிழ்ச்சியில் சேமிப்பை எடுத்துக் கொடுப்பது வேண்டாம். வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்தும் கொடுக்கத் தோன்றினால் அப்போது அனுப்பலாம். வேலையை விடுகிறேன், சொத்தை எழுதிவைக்கிறேன் போன்ற முடிவுகளும் அதே ஒரு மாதம் காத்திருக்கட்டும்.

பதினொன்றாம் நாள் காலை அறையைக் கூட்டித் துடைத்துவிட்டுக் கிளம்பலாம். வீட்டில் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காரச் சொல்லி அனுப்புவார்கள். பெரும்பாலானவர்களுக்கு இது இரண்டு வாரம் ஓடும், ஒரு கல்யாணமோ காய்ச்சலோ குறுக்கிடும், பிறகு ஒரேயடியாக நின்றுவிடும். இரண்டு மணி நேரம் முடியவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். காலை அரை மணியை மட்டும் பல் தேய்ப்பது போலக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறார்கள். வாரம் ஒரு முறை கூட்டாக உட்காரும் இடம் பல ஊர்களில் இருக்கிறது, முகாம் முடித்தவர்கள் யாரும் போகலாம். அதுவும் முடியாத நாளில், இரவு படுத்த பிறகு ஐந்து நிமிடம், காலை கண் விழித்ததும் எழுவதற்கு முன் ஐந்து நிமிடம் படுத்தபடியே உடம்பின் உணர்ச்சியைக் கவனிக்கலாம். அதற்குப் போனைக் கட்டிலிலிருந்து கை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.